மின் இணைப்பு இல்லாத நிலத்தில் பசுமைக்குடில்: முதலில் காற்று, பிறகு சூடு

நீங்கள் கேட்டது இது. மின் இணைப்பு வராத நிலத்தில் குடியேறியிருக்கிறீர்கள். வீட்டு விளக்குக்கும் தண்ணீர் பம்புக்கும் போதுமான அளவுக்கு நான்கு சோலார் பேனலும் இரண்டு பேட்டரியும் இருக்கின்றன. 6 மீட்டருக்கு 12 மீட்டரில் ஒரு பசுமைக்குடில் கட்டி வருடம் முழுக்கக் காய்கறி எடுக்க ஆசை. குளிர்கால இரவில் உள்ளே எப்படிச் சூட்டைப் பிடித்து வைப்பது, தண்ணீர் நிரப்பிய கறுப்பு டிரம் போதுமா, கூரைக்கு எந்த ஷீட் நல்லது என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் சேர்த்துப் படித்தால் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது: கரண்ட்டும் இல்லாமல், நாள் முழுக்கப் பக்கத்தில் ஆளும் இல்லாமல் இந்தக் குடில் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளுமா? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

14 வருடமாக இப்படிப்பட்ட நிலங்களில் குடில் கட்டிக் கொடுத்து வருகிறேன். சொந்தமாக இரண்டு வைத்துப் பயிரும் செய்கிறேன். கீழே சொல்வதில் சில விஷயங்கள் கணக்குப் போட்டு உறுதியாகச் சொல்லக்கூடியவை. சில, அனுபவத்தில் பெரும்பாலும் சரியாக வந்தவை. இன்னும் சில, இடத்துக்கு இடம் மாறுகிறவை. எது எந்த வகை என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன். உங்கள் மண்ணையும் காற்றையும் நான் பார்த்ததில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இரவுக் குளிரைப் பற்றித்தான் நீங்கள் கவலைப்பட்டிருக்கிறீர்கள். ஆனால் நான் பார்த்தவரை, மின்சாரம் இல்லாத குடில்களில் செடிகள் அதிகம் செத்தது பகல் வெப்பத்தில்தான். என் முதல் குடிலில் அப்படித்தான் நடந்தது. குளிர்காலத்தின் கடைசி வாரம், காலையில் பனி. கதவையும் ஜன்னலையும் மூடி வைத்துவிட்டு வேறு வேலையாகப் போனேன். பத்து மணிக்கு மேகம் விலகிவிட்டது. ஒரு மணிக்குத் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது முகத்தில் அடித்த காற்று அடுப்படிக் காற்று. தெர்மாமீட்டர் 51 டிகிரி காட்டியது. தட்டுகளில் இருந்த தக்காளி நாற்றுகள் வாடி விழவில்லை, நின்றபடியே இருந்தன. ஆனால் இலை ஓரங்கள் காகிதம் மாதிரி வெளுத்து, விரலால் தொட்டால் நொறுங்கின. ஆறு வாரம் பாடுபட்டு வளர்த்த நாற்று மூன்று மணி நேரத்தில் போய்விட்டது. வெளியே அப்போது வெறும் 16 டிகிரி.

ஏன் இவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்த்தால் கணக்கு எளிது. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் விழுகிறது. இந்தப் பதிலில் கணக்கெல்லாம் 4 மீட்டருக்கு 6 மீட்டர் குடிலை வைத்துத்தான், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அந்த 24 சதுர மீட்டர் குடிலுக்குள் அதில் எழுபது சதவீதம் நுழைந்தாலும் 17 கிலோவாட் வந்துவிடும். உள்ளே இருக்கும் மொத்தக் காற்றின் எடையோ 70 கிலோ சொச்சம்தான். இலை நிறைந்த செடிகள் இருந்தால் அந்த வெப்பத்தில் பெரும்பங்கை நீராவியாக மாற்றிவிடும். வெறும் நாற்றுத் தட்டுகள் மட்டும் இருக்கும்போது அந்த உதவியும் கிடையாது. கண்ணாடி வெப்பக் கதிரை உள்ளே சிறைப்பிடிக்கிறது என்றுதான் நாம் பள்ளியில் படித்தோம். அமெரிக்க இயற்பியலாளர் ஆர். டபிள்யூ. வுட் 1909-இல் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு பெட்டியைக் கண்ணாடியாலும், இன்னொன்றை வெப்பக் கதிரை எளிதாக வெளியே விடக்கூடிய பாறை உப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். கண்ணாடி வழியாக வடிகட்டி வந்த வெயிலில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குச் சூடாயின. குடில் சூடாவதற்கு முக்கியக் காரணம், சூடான காற்று மேலே எழும்பி வெளியேற வழி இல்லாமல் போவதுதான். அந்த வழியைத் திறந்துவிட்டால் சூடு தானாக இறங்கும். மின்சாரம் இல்லாத உங்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

அதனால் படம் வரையும்போதே முதலில் காற்றுத் திறப்புகளை வரையுங்கள். கீழே பக்கவாட்டில் ஒரு திறப்பு, கூரை உச்சியில் ஒரு திறப்பு. இரண்டும் சேர்ந்தால்தான் புகைபோக்கி மாதிரி காற்று ஓடும். ஒவ்வொன்றும் தரைப் பரப்பில் 15 முதல் 20 சதவீதம் இருக்கட்டும். 24 சதுர மீட்டர் குடிலுக்கு உச்சியில் 4 சதுர மீட்டர், பக்கத்தில் 4 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் தடவை கட்டுகிறவர்கள் இதில் பாதிகூட வைப்பதில்லை. கீழ்த் திறப்புக்கும் மேல் திறப்புக்கும் இடையே உயரம் கூடக்கூடக் காற்றோட்டமும் கூடும். ஆனால் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் காற்றோட்டம் 1.4 மடங்குதான் ஆகும். ஆகவே உயரத்துக்காகச் செலவழிப்பதைவிடத் திறப்பை அகலமாக்குவது லாபம். பூச்சி வலை கட்டுவதாக இருந்தால் திறப்பை இன்னும் பெரிதாக்க வேண்டும். நுண்ணிய வலை காற்றை நன்றாகவே தடுக்கும். குடிலை இறுக்கி மூடி வைத்தால் இன்னொரு இழப்பும் உண்டு. உள்ளே இருக்கும் கரியமில வாயுவைச் செடிகள் கொஞ்ச நேரத்தில் இழுத்துத் தீர்த்துவிடும். அதற்குப் பிறகு வெயில் இருந்தும் வளர்ச்சி மந்தமாகிவிடும்.

சரி, இந்த ஜன்னல்களை யார் திறந்து மூடுவது? மின்சாரமே தேவைப்படாத ஒரு கருவி இருக்கிறது. ஒரு உலோகக் குழாய்க்குள் மெழுகு அடைத்திருக்கும். சூட்டில் மெழுகு உருகி விரிந்து ஒரு தண்டை வெளியே தள்ளும், அந்தத் தண்டு ஜன்னலைத் தூக்கும். குளிர்ந்ததும் ஸ்பிரிங் இழுத்து மூடிவிடும். என் இரண்டு குடில்களிலும் இதுதான் இருக்கிறது. இதில் இரண்டு குறை உண்டு. ஒன்று, மெழுகு உருக நேரம் பிடிக்கும். மேகம் சட்டென்று விலகினால் ஜன்னல் திறக்கக் கால் மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். இரண்டாவது குறை பெரியது. குழாய் கசிந்து மெழுகு போய்விட்டால் ஜன்னல் மூடியபடியே நின்றுவிடும். பழுதானால் திறந்து நிற்க வேண்டிய பொருள் மூடி நிற்கிறது. அதனால் எல்லா ஜன்னலையும் அதன் பொறுப்பில் விடாதீர்கள். வெயில் காலம் தொடங்கியதும் இரண்டு முனைச் சுவர்களின் உச்சியிலும் உள்ள பலகையைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தத் திறப்பைப் பருவம் முடியும் வரை அப்படியே விட்டுவிடுங்கள். விசிறி வேண்டும் என்றால், பேட்டரியைத் தொடாமல், ஒரு சிறிய டிசி விசிறியைத் தனிப் பேனலோடு நேரடியாக இணையுங்கள். வெயில் ஏற ஏற விசிறியும் வேகமெடுக்கும், வெயில் இறங்கினால் தானாக ஓய்ந்துவிடும். தேவையும் மின்சாரமும் ஒரே நேரத்தில் வருகிற அபூர்வமான இடம் இது.

உங்கள் இடத்தில் கோடை கடுமையாக இருக்கும் என்றால், சில மாதங்களுக்கு ஷீட்டின் தேவையே இருக்காது. பகலில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் தொடர்ந்தால் தக்காளியின் மகரந்தம் கெட்டு, பூ காய் பிடிக்காமல் உதிரும். வெறும் காற்றோட்டத்தால் உள் வெப்பநிலையை வெளி வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. நிழல்வலைதான் உதவும். அதை உள்ளே கட்டாமல் கூரைக்கு வெளியே, ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். உள்ளே கட்டினால் வெயில் நுழைந்த பிறகுதான் தடுக்கிறீர்கள், வலை வாங்கிய சூடு உள்ளேயே தங்கிவிடும். கூரைமேல் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிப்பதும் பழைய, நல்ல வழி. மழை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிவிடும். ஈரத் திண்டும் விசிறியும் வைத்துக் குளிர்விக்கும் ஏற்பாடு வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும். ஆனால் மின்சாரமும் தண்ணீரும் இரண்டுமே தின்னும் என்பதால் உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

இப்போது இரவுக்கு வருவோம். அதே 4 மீட்டருக்கு 6 மீட்டர் குடில், பக்கச் சுவர் 2 மீட்டர், உச்சி 3 மீட்டர் என்று வைத்தால் வெளிப்பரப்பு மொத்தம் சுமார் 71 சதுர மீட்டர். ஒற்றை பாலித்தீன் ஷீட் வழியாக, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, ஒரு சதுர மீட்டரில் 6 வாட் அளவுக்கு வெப்பம் வெளியேறும். வெளியைவிட 10 டிகிரி கூடுதலாக வைத்திருக்க வேண்டும் என்றால் 71, 6, 10 மூன்றையும் பெருக்கினால் 4260 வாட். பத்து மணி நேர இரவுக்கு 43 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம். 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, ஆகவே அதிலிருந்து 0.6 யூனிட்தான் எடுக்கலாம். 43 யூனிட்டுக்கு எழுபதுக்கும் மேல் பேட்டரி தேவைப்படும். பேட்டரியிலிருந்து ஹீட்டர் ஓட்டும் யோசனையை இங்கேயே விட்டுவிடலாம். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

டிரம் கணக்கையும் பார்ப்போம். 200 லிட்டர் தண்ணீர் 10 டிகிரி குளிர்ந்தால் 2.3 யூனிட் வெப்பத்தை வெளியே விடும். அதே கன அளவு கான்கிரீட்டைவிட இது இரண்டு மடங்கு, ஆக தண்ணீர் நல்ல தேர்வுதான். 43 யூனிட்டுக்கு 18 அல்லது 19 டிரம் வேண்டும். ஆனால் ஒரு பகல் வெயிலில் டிரம் முழுக்க 10 டிகிரி ஏறுவது நல்ல வெயில் நேராகப் படும் இடத்தில்தான் நடக்கும். 5 டிகிரி என்று வைத்துக்கொள்வதே பத்திரம். அப்படியானால் 37 டிரம். டிரம்மின் விட்டம் 58 சென்டிமீட்டர் என்பதால் 6 மீட்டர் சுவர் ஓரத்தில் ஒரு வரிசைக்கு 10 டிரம்தான் நிற்கும். 37 டிரம் வைத்தால் செடிக்கு இடம் எங்கே? டிரம் உதவும் என்பதும் உண்மை, டிரம் வைத்து ஏமாந்தோம் என்று சிலர் சொல்வதும் உண்மை. டிரம் வேலை செய்யும், ஆனால் ஓட்டைப் பானைக்குள் வைத்தால் செய்யாது.

முதலில் ஓட்டையை அடையுங்கள். பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கும் இடங்களில் குளிர்கால வெயில் தெற்கிலிருந்து சாய்வாக வரும். வடக்குச் சுவர் வழியாகவும் வடக்குக் கூரைச் சரிவு வழியாகவும் அந்தக் காலத்தில் நேர்வெயில் வருவது சொற்பம், ஆனால் சூடு அந்த வழியாகவும் போய்க்கொண்டே இருக்கும். ரேகைக்குத் தெற்கே இருந்தால் திசையை மாற்றிக்கொள்ளுங்கள். வெயில் வராத அந்தப் பக்கத்தைத் தடித்த மண் சுவராகவோ, வைக்கோல் கட்டு அடைத்த சுவராகவோ மூடிவிட்டு, குடிலின் நீளவாக்கைக் கிழக்கு மேற்காக வையுங்கள். மீதிக்கு இரட்டை ஷீட் போட்டால் சதுர மீட்டருக்கு 6 வாட் என்பது 3.5-க்கு இறங்கும். இப்போது ஷீட் போட்ட பக்கம் 46 சதுர மீட்டர்தான். திரும்பக் கணக்குப் போட்டால், மூடிய பக்கம் வழியாகப் போகும் கொஞ்சத்தையும் சேர்த்து, இரவுக்கு 17 யூனிட் வருகிறது. அந்தி சாய்ந்ததும் கூரைமேல் பாய் மாதிரி ஒரு கனமான போர்வையை இறக்கினால் அதிலும் ஏறக்குறைய பாதி குறையும். 43-இலிருந்து 9 அல்லது 10-க்கு வந்துவிட்டோம். இந்த அளவுக்கு ஒரு வரிசை டிரம் போதும், தரை மண்ணும் தன் பங்குக்குக் கொஞ்சம் கொடுக்கும். வட சீனாவில் இதே முறையில்தான் பெரும் பரப்பில் குளிர்காலக் காய்கறி விளைவிக்கிறார்கள். வடக்கே தடித்த மண் சுவர், தெற்கே வளைந்த ஷீட், இரவில் மேலே உருட்டி விரிக்கும் வைக்கோல் பாய் அல்லது கனமான போர்வை, பெரும்பாலும் வேறு அடுப்பே கிடையாது. லடாக்கிலும் மண் சுவர் வைத்த குடில்கள் இந்தத் தத்துவத்தில்தான் நிற்கின்றன. பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பவர்களுக்கு இந்தச் சுவர் தேவையில்லை. அவர்களுக்கு நீளவாக்கை வடக்கு தெற்காக வைப்பதே வெளிச்சத்தைச் சமமாகப் பரப்பும்.

டிரம் வைக்கும்போது கவனிக்க வேண்டியது, அதன்மேல் நேர்வெயில் படுகிறதா என்பதுதான். நிழலில் கிடக்கும் டிரம் காற்றின் சூட்டைத்தான் வாங்கும், அது மிகக் குறைவு. சாயங்காலம் போய் டிரம்மைக் கையால் தடவிப் பாருங்கள். வெயில் பார்த்த பக்கம் உள்ளங்கைக்கு இதமாகச் சுடும், சுவர்ப் பக்கம் மந்தமாக இருக்கும், மேல் பாகத்தைவிட அடிப்பாகம் குளிர்ந்திருக்கும். விடிந்து கொஞ்ச நேரத்தில் திரும்பப் போனால் டிரம் முழுக்கத் துளித் துளியாக வேர்த்து நிற்கும். இரவெல்லாம் சூட்டைக் கொடுத்துவிட்டு அதுவே குளிர்ந்துபோயிருக்கும். அந்த வேர்வையைப் பார்த்தால் டிரம் வேலை செய்திருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். சாயங்காலமும் காலையும் ஒரே மாதிரி இருந்தால் அது வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. நிரப்பிய டிரம் ஒவ்வொன்றும் 200 கிலோவுக்கு மேல், ஆகவே இறுக்கிய தரையில் வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். உறைபனி வரும் இடமானால் மேலே கொஞ்சம் காலி இடம் விடுங்கள், உறையும் தண்ணீர் விரிந்து டிரம்மைப் பிளந்துவிடும்.

இதைவிட மலிவான உத்தி ஒன்று இருக்கிறது. குடில் முழுவதையும் சூடாக்க நினைக்காமல், பாத்திக்கு மேல் முழங்கால் உயரத்தில் வளைவுக் கம்பி நட்டு மெல்லிய துணியைப் போர்த்திவிடுங்கள். குடிலுக்குள் ஒரு சின்னக் குடில். அதற்குள் இன்னும் இரண்டு மூன்று டிகிரி கூடும். உறைபனிக்கு அது பெரிய வித்தியாசம். பயிரையும் அதற்கேற்ப மாற்றினால் பாதி சிக்கல் தீர்ந்துவிடும். பாலக் கீரை (ஸ்பினாச்), லெட்டூஸ், முட்டைக்கோஸ் இனம், கேரட் எல்லாம் லேசான உறைபனியைத் தாங்கும். தக்காளியும் வெள்ளரியும் தாங்காது. ஒரு விஷயத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்: பகல் பத்து மணி நேரத்துக்குக் கீழே போனால் எவ்வளவு சூடு கொடுத்தாலும் செடி மெதுவாகத்தான் வளரும், ஏனென்றால் வெளிச்சம் போதாது. அந்த வாரங்களில் புதிதாக வளர்க்காமல், முன்னரே வளர்ந்து நிற்பதைப் பறித்துச் சாப்பிடும்படி விதைப்புத் தேதியை முன்னுக்குத் தள்ளுங்கள்.

விறகு அடுப்பு வைக்கலாமா என்று அடுத்துத் தோன்றும். வைக்கலாம். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து விறகு போட ஆள் வேண்டும். இரவு எட்டு மணிக்கு நிரம்பிய அடுப்பு, குளிர் கடுமையாகும் நேரத்தில் அணைந்து கிடக்கும். புகைக்குழாய் கட்டாயம். புகைக்குழாய் இல்லாத மண்ணெண்ணெய் அடுப்பையோ கரி அடுப்பையோ மூடிய குடிலுக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, உள்ளே போகிற ஆளைக் கொன்றுவிடும். புகையில் வரும் எத்திலீன் என்ற வாயு மிகக் குறைந்த அளவிலேயே பூவையும் இலையையும் உதிர்க்கும்.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. மக்கும் உரக் குவியலிலிருந்து சூடு எடுப்பதில் உண்மை இருக்கிறது. நல்ல குவியல் உள்ளே 60 டிகிரி வரை போகும். ஆனால் எத்தனை வாரம் அப்படி இருக்கும் என்பது ஈரம், பொருள், அளவு எல்லாவற்றையும் பொறுத்தது. குடிலுக்குள்ளேயே குவித்தால் அம்மோனியா வாடை இலையைக் கருக்கும். நான் இரண்டு முறை செய்ததில் ஒரு முறை எட்டு வாரம் சூடு கொடுத்தது, இன்னொரு முறை மூன்றாம் வாரமே அடங்கிவிட்டது. அதை நம்பி விதைக்கச் சொல்ல மாட்டேன். மண்ணுக்கடியில் குழாய் புதைத்துப் பகல் சூட்டை விசிறியால் உள்ளே தள்ளும் முறைக்கும் ஆதரவாளர்கள் நிறைய. மண்ணின் தன்மை, குழாயின் நீளம், ஈரம் மாற மாறப் பலன் வெகுவாக மாறுகிறது. விசிறியோ தினமும் மணிக்கணக்கில் ஓட வேண்டும். 100 வாட் விசிறி பத்து மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், உங்கள் இரண்டு பேட்டரியில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். நிலத்துக்குள் குழி வெட்டி மேலே ஷீட் போடும் முறை வறண்ட மேட்டு நிலத்துக்கு அருமையானது. சில மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை வருடம் முழுக்கச் சராசரியை ஒட்டியே இருக்கும். நிலத்தடி நீர் மேலாக இருக்கும் இடத்தில் அதே குழி மழைக்காலத்தில் குளமாகும், கரையும் சரியும். ஆகவே முதலில் ஒரு சோதனைக் குழி வெட்டி, ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கூரை ஷீட் பற்றி. புற ஊதா பாதுகாப்பு சேர்த்த 200 மைக்ரான் பாலித்தீன் மூன்று நான்கு வருடம் தாங்கும். சாதாரண பாலித்தீனோ ஒரு கோடையிலேயே நொறுங்கத் தொடங்கும். பாலித்தீனுக்கு இன்னொரு பலவீனம், கண்ணாடி போல வெப்பக் கதிரைத் தடுக்காது. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் ஒற்றை பாலித்தீன் குடிலுக்குள் வெளியைவிடவும் குளிர்ந்துபோவது உண்டு. முதல் தடவை பார்த்தபோது நான் தெர்மாமீட்டரைத்தான் சந்தேகப்பட்டேன். வெப்பக் கதிரைத் தடுக்கும் பொருள் கலந்த ஷீட்டும் கிடைக்கிறது, குளிர்ப் பகுதிக்கு அதையே பாருங்கள். ஷீட் கிழிவது பெரும்பாலும் சட்டத்தின் குழாயைத் தொடும் வளைவில்தான். வெயிலில் சுடும் குழாய் அந்த இடத்தை வேகவைத்துவிடும். தொடும் இடங்களில் வெள்ளை பெயின்ட் அடித்தோ வெள்ளை டேப் சுற்றியோ வையுங்கள். இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் பத்து வருடத்துக்கு மேல் நிற்கும், கையில் பணம் இருந்தால் என் தேர்வு அதுதான். ஆனால் புற ஊதா பூச்சு உள்ள பக்கம் வெளியே பார்க்க வேண்டும். உள்ளிருக்கும் குழல்கள் மேலிருந்து கீழாக ஓட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும். 3 மீட்டர் தகடு, 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் நீளும். திருகுத் துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போடாவிட்டால் வெடித்துவிடும்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மணிக்கு 108 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் 55 கிலோ அளவுக்கு அழுத்தும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். சிறிய குடிலின் கூரைமேல்கூட அது மொத்தம் ஒன்றரை டன். அதிலும் காற்று கூரையை அழுத்துவதைவிட மேலே தூக்கத்தான் பார்க்கும். குடில் லேசான கட்டுமானம், விழாமல் இருப்பதைவிடப் பறக்காமல் இருப்பதுதான் அதற்குக் கஷ்டம். ஒவ்வொரு தூணுக்கும் 30 சென்டிமீட்டர் சதுரத்தில் 60 சென்டிமீட்டர் ஆழக் கான்கிரீட் போட்டால் ஒன்றுக்கு 130 கிலோ எடை கிடைக்கும், எட்டுத் தூணுக்கு ஒரு டன்னுக்கு மேல், சுற்றியுள்ள மண்ணின் பிடிப்பு தனி. மூலைகளில் குறுக்குக் கம்பி கொடுங்கள். ஷீட்டை மேளத்தோல் மாதிரி இழுத்துக் கட்டுங்கள். இரவில் ஷீட் படபடவென்று அடிக்கும் சத்தம் கேட்டால் மறுநாளே இறுக்குங்கள், அடித்துக்கொள்ளும் ஷீட் மடியும் இடத்தில்தான் கிழியும். பலத்த புயலோ கனத்த பனிப்பொழிவோ வரும் இடம் என்றால் மேலே சொன்ன அளவுகளை மட்டும் நம்பாமல், சட்டத்தின் கனத்தை உள்ளூர்க் கட்டுமானப் பொறியாளரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள். அது என் எல்லைக்கு வெளியே.

தண்ணீருக்கு ஒரு யோசனை. 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 24 சதுர மீட்டர் குடில் கூரையிலிருந்து 480 லிட்டர் இறங்கும், கொஞ்சம் சேதாரம் போக 400 லிட்டராவது பிடிக்கலாம். அதை 1000 லிட்டர் தொட்டியில் சேர்த்து, தொட்டியைக் குடிலுக்குள்ளேயே வெயில் படும் ஓரத்தில் கறுப்படித்து வைத்தால் ஐந்து டிரம்மின் வேலையையும் அது செய்துவிடும். வெளிச்சம் புகாமல் மூடி வையுங்கள், பாசி வராது. பாசனத்தைக் காலையில் செய்யுங்கள். சாயங்காலம் ஈரம் விட்டால் இரவெல்லாம் இலையில் நீர் கோத்துப் பூஞ்சணம் பிடிக்கும். சொட்டுநீருக்குப் பம்ப் வேண்டாம். பாசனத்துக்கென்று தனியாக ஒரு சிறு தொட்டி வைத்து, அதன் அடிமட்டத்தைப் பாத்தியிலிருந்து ஒன்றரை மீட்டர் உயர்த்தினால் 0.15 பார் அழுத்தம் கிடைக்கும், சிறிய குடிலுக்குப் போதும். ஆனால் அழுத்தத்தைச் சமன்செய்யும் வகைச் சொட்டுவான்களை வாங்காதீர்கள், அவை இந்தக் குறைந்த அழுத்தத்தில் சரியாகத் திறக்காது. சாதாரண வகையை, வடிகட்டியோடு வாங்குங்கள். மழை படாத மண் என்பதால் உரத்தின் உப்பு மேலேயே தங்கிவிடும். வருடத்துக்கு ஒரு முறை பாத்தியை நன்றாக ஊறும்படி நீர்விட்டுக் கீழே இறக்கிவிடுங்கள். கோடையின் உச்சத்தில் குடில் காலியாக இருந்தால், மண்ணை நனைத்துத் தெளிவான ஷீட்டால் மூடி, குடிலையும் அடைத்து ஐந்தாறு வாரம் விடுங்கள். நூற்புழுவும் மண்ணில் உள்ள நோய்க்கிருமிகளும் களை விதையும் பெருமளவு குறைந்துவிடும். நாற்றைக் கொன்ற அதே வெப்பம் அங்கே உங்களுக்காக வேலை செய்யும்.

கடைசியாக அளவு. 6-க்கு 12 என்பது 72 சதுர மீட்டர். முதல் குடிலை அவ்வளவு பெரிதாகக் கட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 4-க்கு 6-இல் தொடங்குங்கள். ஒரு முனைச் சுவரைக் கழற்றி நீட்டும்படி கட்டினால், இரண்டு வருடம் கழித்து அதே சட்டத்தைத் தொடரலாம். கம்பி ஊன்றுவதற்கு முன்னால் ஒரு நாளின் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலையைப் பதிந்து வைக்கும் உச்ச-நீச தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, குடில் வரப்போகும் இடத்தில் நிழலில் மாட்டி, தினமும் காலையில் இரண்டு எண்ணையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை. குளிர்காலத்தில் காலை ஒன்பது மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் மரநிழல் எங்கே விழுகிறது என்று ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குளிர்காலமாவது இதைச் செய்துவிட்டு, மிகக் குளிர்ந்த பத்து இரவுகளின் எண்களையும் எந்தப் பயிர் வேண்டும் என்பதையும் எழுதி அனுப்பினால், எத்தனை டிரம், எத்தனை அடுக்கு ஷீட், திறப்பு எங்கே என்று உங்கள் இடத்துக்கே கணக்குப் போட்டுத் தருகிறேன்.